மூன்று ஜோடிக் காலுறை!

ஆலை மேனேஜர்மார்களுக்கு இப்போதெல்லாம் பந்தாட்டக்காரர்கள் மீது பிரியம் பொங்கி வழிகிறது. கூலி உயர்வு கேட்டுப் போனால் உபதேசம் தொடங்கிவிடுகிறது. "டெலிவிஷனில் வருகிறானே, அந்த ஆட்டக்காரனைப் பாரப்பா! குடிசையில் பிறந்தான், இன்று கோடீஸ்வரன். அவன் எந்தச் சங்கத்தில் சந்தா கட்டினான்? எந்தக் கொடியைத் தூக்கினான்? திறமையை வளர்த்துக்கொள். திறமை உள்ளவனை யாரும் கைவிடமாட்டார்கள்!"

கேட்பதற்கு இனிப்பாகத்தான் இருக்கிறது. சில இளம் தொழிலாளர்கள் இதைக் கேட்டுத் தலையை ஆட்டிவிட்டு வருகிறார்கள் என்பதும் நமக்குத் தெரியும். சரி, மேனேஜர் காட்டுகிற பந்தாட்டக்காரனையே எடுத்துக்கொண்டு பேசுவோம். அதுவும் சாதாரண ஆட்டக்காரன் அல்ல. ஐரோப்பாவில் பாதி தேசங்களுக்குக் கால்பந்தாட்டம் சொல்லிக்கொடுத்த ஒரு மனிதன். பெயர் ஜிம்மி ஹோகன். இவரை விடத் திறமைசாலி அந்தத் தொழிலில் அபூர்வம். அந்தத் திறமைக்கு இங்கிலாந்தின் பந்தாட்டக் கனவான்கள் என்ன விலை கொடுத்தார்கள் என்று பார்ப்போம்.

ஹோகன் 1882-ஆம் ஆண்டு அக்டோபர் 16-ஆம் தேதி இங்கிலாந்தில் லங்காஷயர் ஜில்லாவில் நெல்சன் என்ற ஊரில் பிறந்தார். லங்காஷயர் என்ற பெயர் நமக்குப் புதிதா? நம் நாட்டுக் கைத்தறி நெசவாளியின் வயிற்றில் அடித்த துணியெல்லாம் அங்கேயிருந்துதான் கப்பல் ஏறி வந்தது. ஆனால் அந்தத் துணியை நெய்தவன் யார்? அவனும் கூலிக்காரன்தான். நெல்சனும் பக்கத்திலிருக்கும் பர்ன்லியும் நெசவு ஊர்கள். முதல் உலக யுத்தத்துக்கு முன் பர்ன்லியில் மட்டும் ஏறக்குறைய ஒரு லட்சம் விசைத்தறிகள் ஓடின. ஹோகனின் தந்தையும் ஒரு ஆலைத் தொழிலாளி. அயர்லாந்திலிருந்து பிழைக்க வந்த கத்தோலிக்கக் குடும்பம். மகனைப் பாதிரியாராக்கப் பார்த்தார்கள். மகனோ பந்தின் பின்னால் ஓடினான்.

ஆலைத் தொழிலாளி பந்து விளையாட நேரம் எங்கே கிடைத்தது என்று நீங்கள் கேட்கலாம். கேட்கவேண்டிய கேள்விதான். முதலாளி தானமாகக் கொடுத்த நேரம் அல்ல அது. வேலை நேரத்தைக் குறைக்கச் சொல்லி லங்காஷயர் தொழிலாளர்கள் ஆண்டுக்கணக்கில் போராடினார்கள். அதன் பலனாக 1850-ஆம் ஆண்டுத் தொழிற்சாலைச் சட்டம், சனிக்கிழமைகளில் பெண்களையும் சிறுவர்களையும் பகல் இரண்டு மணிக்கு மேல் வேலை வாங்கக்கூடாது என்றது. அவர்கள் இல்லாமல் ஆலை ஓடாது. ஆகவே ஆண்களுக்கும் அரை நாள் கிடைத்தது. இங்கிலாந்தில் சனிக்கிழமை மூன்று மணிக்குப் பந்தாட்டம் என்ற வழக்கம் அதிலிருந்துதான் வந்தது. சங்கு ஊதியதும் நேரே மைதானம்!

அதுவரை பந்தாட்டக் கோப்பைகள் யாரிடம் இருந்தன? ஈட்டன் போன்ற சீமான் வீட்டுப் பிள்ளைகளின் பள்ளிக்கூடங்களில் படித்தவர்களிடம். 1883-இல் பிளாக்பர்ன் ஒலிம்பிக் என்ற குழு லண்டனுக்குப் போனது. நெசவாளிகள், நூற்பாளி, குழாய் வேலைக்காரர் கொண்ட குழு அது. முந்திய ஆண்டு கோப்பையை வென்றிருந்த ஈட்டன் கனவான்களை இரண்டுக்கு ஒன்று என்று தோற்கடித்துக் கோப்பையை வடக்கே கொண்டுபோனது. அதற்குப் பின் கனவான்களுக்கு ஒரு தந்திரம் புரிந்தது. மைதானத்தில் இவர்களை வெல்லமுடியாது. நிர்வாகத்தில் உட்கார்ந்துகொண்டு இவர்களை ஆட்டிவைக்கலாம்!

ஆட்டிவைத்தார்கள். 1901 முதல் எவ்வளவு பெரிய ஆட்டக்காரனானாலும் வாரம் 4 பவுனுக்கு மேல் கூலி இல்லை என்று உச்சவரம்பு கட்டினார்கள். (நிலத்துக்கு உச்சவரம்பு என்றால் அலறுகிற கூட்டம், கூலிக்கு உச்சவரம்பு என்றால் எவ்வளவு வேகமாகச் சட்டம் போடுகிறது பாருங்கள்!) நெசவாளியின் கூலியை விட அது அதிகம்தானே என்று சிலர் கேட்பார்கள். அதிகம்தான். ஆனால் முப்பது வயதில் முழங்கால் போய்விட்டால் அந்த 4 பவுனும் போய்விடும். அதோடு நின்றதா? ஆட்டக்காரனின் பெயர்ப்பதிவு கிளப்பின் கையில். ஒப்பந்தம் முடிந்தாலும் கிளப் விடுவித்தால்தான் அவன் வேறு கிளப்பில் ஆடலாம். விடுவிக்காமலும், கூலி கொடுக்காமலும் வைத்திருக்கலாம். பண்ணையாள் வாழ்க்கை வாழ்ந்த குடும்பங்களுக்கு இதை நாம் விளக்கவேண்டியதில்லை. ஒரு பண்ணையை விட்டு ஓடியவனை அடுத்த பண்ணையார் சேர்க்கமாட்டார் அல்லவா? அதே ஏற்பாடு, சட்டை மட்டும் வேறு.

இந்த ஏற்பாட்டுக்குள்தான் ஹோகன் பர்ன்லியில் ஆடினார். கூலித் தகராறில் வெளியேறினார். புல்ஹாம், ஸ்விண்டன், போல்டன் என்று ஊர் ஊராக ஆடினார். ஆட்டக்காரராக அவர் பெரிய பெயர் எடுக்கவில்லை. ஆனால் மற்றவர்கள் கேட்காத ஒரு கேள்வி அவர் மண்டையைக் குடைந்தது. பர்ன்லியில் ஒரு நாள் கோலை நோக்கி உதைத்த பந்து மேலே பறந்துவிட்டது. "நான் எங்கே தவறினேன்? கால் வைத்த இடமா, உடம்பு சாய்ந்ததா?" என்று மேனேஜரைக் கேட்டார். பதில் என்ன தெரியுமா? உதைத்துக்கொண்டே இரு, பத்தில் ஒன்று போனால் போதும் என்று சொல்லிவிட்டார்! வேலையை ஆராய்ந்து செய்ய நினைத்த ஒரு தொழிலாளிக்குக் கிடைத்த மறுமொழி அது.

இன்னொரு வேடிக்கை. அந்தக் காலத்து இங்கிலீஷ் கிளப்புகளில் வாரம் முழுவதும் ஆட்டக்காரர்களுக்குப் பந்தைக் காட்டமாட்டார்கள். மைதானத்தைச் சுற்றி ஓடு, ஓடு என்று விரட்டுவார்கள். ஆறு நாள் பந்தைப் பார்க்காதவன் சனிக்கிழமை பசியோடு பாய்வானாம்! நூலைக் காட்டாமல் நெசவு பழக்குகிற ஆலையைக் கண்டதுண்டா? தொழிலாளி என்றால் கால், நுரையீரல், வியர்வை. அவனுக்கு மூளை எதற்கு என்ற முதலாளித்துவ எண்ணம்தான் இதற்கு அடிப்படை. ஹோகன் இதை ஏற்கவில்லை. பந்தைத் தரையோடு விடு. பக்கத்துத் தோழனுக்குக் கொடு. கொடுத்துவிட்டு இடம் பார்த்து ஓடு. வருகிற பந்தை ஒரே தொடலில் அடக்கு. ஸ்காட்லாந்துக்காரர்கள் ஆடிவந்த இந்த ஆட்டத்தைப் புல்ஹாமில் இருந்தபோது கற்றுக்கொண்டார். அதைக் கற்றுக்கொடுக்கவும் முடியும் என்பது அவர் முடிவு.

போல்டன் குழு ஹாலந்துக்குச் சுற்றுப்பயணம் போனபோது டோர்ட்ரெக்ட் ஊர்க் குழுவைப் பத்துக்குப் பூஜ்யம் என்று அடித்துத் துவைத்தது. ஜெயித்தவர்கள் சிரித்துக்கொண்டு கப்பலேறினார்கள். ஹோகனோ, இவர்களுக்குச் சொல்லிக்கொடுக்க ஒரு நாள் திரும்பி வருவேன் என்று மனதில் குறித்துக்கொண்டார். 1910-இல், 28-ஆம் வயதில், அதே ஊருக்கு ஆசிரியராகப் போனார். பிறகு 1912-இல் வியன்னா. ஆஸ்திரியாவின் பந்தாட்டத்தைக் கட்டி வளர்த்த ஹூகோ மைசல் அவரை அழைத்துக்கொண்டார். ஆஸ்திரிய ஆட்டக்காரர்கள் முதலில் முகம் சுளித்தார்கள். இவன் என்ன, அரிச்சுவடியிலிருந்து ஆரம்பிக்கிறான் என்று. சில வாரங்களில் சுளிப்பு மாறியது. அந்த ஆண்டு ஸ்டாக்ஹோம் ஒலிம்பிக்கில் ஆஸ்திரியா ஜெர்மனியை ஐந்துக்கு ஒன்று என்று வென்றது.

ஹோகன் ஒருவர் மட்டுமா இப்படிப் போனார்? கப்பல் பட்டறையில் ஆணி அறைந்த ஸ்காட்லாந்துக்காரர் ஜான் மேடன் 1905-இல் பிராக் நகருக்குப் போய் 25 ஆண்டு சொல்லிக்கொடுத்தார். கொல்லர் மகன் ஸ்டீவ் புளூமர், இங்கிலாந்துக்காக 23 ஆட்டத்தில் 28 கோல் போட்டவர், 1914-இல் பெர்லினுக்குப் பயிற்சியாளராகப் போனார். சொந்த நாட்டில் கற்றுக்கொடுக்கும் வேலையே இல்லை, வயிறு இருக்கிறதே!

யுத்தம் வந்தது

1914 ஆகஸ்ட். ஏகாதிபத்தியங்கள் உலகைப் பங்குபோட ஒன்றையொன்று கடித்துக்கொண்டன. பெர்லின் போய்ச் சேர்ந்திருந்த புளூமரை ரூலேபன் என்ற முகாமில் அடைத்தார்கள். வியன்னாவில் ஹோகன் அடுத்த ஒலிம்பிக்குக்கு ஆஸ்திரியக் குழுவைத் தயார் செய்துகொண்டிருந்தார். பிரிட்டிஷ் கான்சலிடம் போய்க் கேட்டார். ஆபத்து ஒன்றுமில்லை என்றார் கான்சல். இரண்டு நாளில் யுத்தப் பிரகடனம்! ஹோகனை எதிரி நாட்டான் என்று போலீசார் பிடித்துக்கொண்டு போனார்கள். மனைவியும் குழந்தைகளும் 1915-இல்தான் இங்கிலாந்து போய்ச் சேர முடிந்தது. ஹோகனை ஜெர்மன் முகாமுக்கு அனுப்ப இருந்த சமயத்தில் வியன்னாவில் கடை நடத்திய இரு இங்கிலீஷ் சகோதரர்கள் ஜாமீன் நின்றார்கள். அவர்கள் வீட்டில் எடுபிடி வேலை செய்தார். பிறகு ஹங்கேரியின் எம்.டி.கே. கிளப்பைச் சேர்ந்த ஒரு பிரபு அவரைப் புடாபெஸ்டுக்கு வரவழைத்தார். தவறாமல் போலீஸ் ஸ்டேஷனில் ஆஜராகவேண்டும். மற்ற நேரம் பந்தாட்டம் சொல்லிக்கொடுக்கலாம்.

பெரிய ஆட்டக்காரர்கள் யுத்தகளத்தில். மைதானத்தில் மீந்தது சிறுவர்கள். புடாபெஸ்டில் ஒரு பூங்காவில் பந்து உதைத்துக்கொண்டிருந்த இரண்டு பையன்களை ஹோகன் பிடித்தார். ஒருவன் ஓர்த், இன்னொருவன் பிரௌன். பள்ளிக்கூடம் விட்டதும் அவர்களை அழைத்துக்கொண்டு போய்ப் பாடம் நடத்தினார். இருவரும் ஹங்கேரியின் தலைசிறந்த ஆட்டக்காரர்கள் ஆனார்கள். 1917-இல் எம்.டி.கே. தேசியப் பட்டம் வென்றது. ஹோகன் போன பிறகும் 1925 வரை அந்தப் பட்டத்தை வேறு யாரும் தொட முடியவில்லை. பிரௌனின் முடிவையும் சொல்லவேண்டும். அவர் யூதர். பாசிஸ்டுகள் 1940-இல் எம்.டி.கே. கிளப்பையே இழுத்து மூடினார்கள். பிரௌனைக் கட்டாய உழைப்புப் படையில் சேர்த்துக் கிழக்குப் போர்முனைக்கு ஓட்டினார்கள். 1943-இல் அங்கேயே மாண்டார்.

முதல் யுத்தம் முடிந்ததும் ஹோகன் வீடு திரும்பினார். கையில் காசில்லை. லிவர்பூலில் ஒரு புகையிலைக் கம்பெனியில் வேலை. யுத்தத்தால் நஷ்டப்பட்ட ஆட்டக்காரர்களுக்கு உதவ இங்கிலாந்துக் கால்பந்தாட்டச் சங்கத்தில் ஒரு நிதி இருக்கிறது என்று யாரோ சொன்னார்கள். ரயில் சத்தத்துக்குக் கடன் வாங்கிக்கொண்டு லண்டன் போனார். சங்கத்தின் காரியதரிசி பிரடெரிக் வால் அவரை வரவேற்றார். பணம் போரிட்டவர்களுக்குத்தானாம். போலீஸ் காவலில் கிடந்தவனுக்கு? அலமாரியைத் திறந்து மூன்று ஜோடிக் காக்கிக் காலுறையை எடுத்துக் கொடுத்தார் காரியதரிசி. போர்முனைப் பையன்கள் இதை வாங்கிக்கொண்டு சந்தோஷப்பட்டார்கள் என்று வேறு சொன்னாராம். இது ஹோகன் பிற்காலத்தில் தம் வாயாலேயே சொன்ன சேதி.

எதிரியின் படையில் சேர்ந்து சுட்டாரா ஹோகன்? சேதி கடத்தினாரா? சிறுவர்களுக்குப் பந்து தடுக்கக் கற்றுக்கொடுத்தார். அதுவே தேசத் துரோகம் என்பதுபோல் பார்த்தார்கள். லட்சக்கணக்கான லங்காஷயர், யார்க்ஷயர் பிள்ளைகளைச் சேற்றுக் குழிகளில் சாகக்கொடுத்த கூட்டத்துக்கு, பிழைத்து வந்தவன் மீது சந்தேகம்!

காலுறையை வாங்கிக்கொண்டு ஹோகன் மறுபடி கடல் கடந்தார். ஸ்விட்சர்லாந்து, மீண்டும் ஹங்கேரி, பிறகு ஜெர்மனி. டிரெஸ்டன் நகரில் ஒரு கூட்டம். அவருடைய ஜெர்மன் பேச்சு தடுமாறியது. கேட்டவர்கள் சிரிக்க ஆரம்பித்தார்கள். ஹோகன் பத்து நிமிஷம் இடைவேளை விட்டார். பழைய போல்டன் சட்டையை மாட்டிக்கொண்டு திரும்பி வந்தார். பூட்சைக் கழற்றினார். உங்களில் முக்கால்வாசிப் பேருக்கு இரண்டு காலாலும் சரியாக உதைக்கத் தெரியாது என்றார். பதினைந்து கஜ தூரத்தில் இருந்த மரப்பலகையை நோக்கி வெறுங்காலால் வலது காலில் ஒன்று, இடது காலில் ஒன்று. இரண்டாவது உதையில் பலகை பிளந்தது. அதற்குப் பிறகு அங்கே யாரும் இலக்கணப் பிழை பார்க்கவில்லை.

1932 டிசம்பர் 7-ஆம் தேதி ஆஸ்திரியக் குழு லண்டன் வந்தது. தயார் செய்தவர் ஹோகன். நாலுக்கு மூன்று என்று இங்கிலாந்து தப்பிப் பிழைத்தது. இனியாவது புத்தி வந்ததா? 1934-இல் புல்ஹாம் கிளப் அவரை மேனேஜராக அழைத்தது. பழைய ஆட்டக்காரர்களோ, எங்களுக்கு எதற்குப் பாடம் என்று முறைத்தார்கள். மூளையைப் பயன்படுத்தாதே என்று பல வருஷம் பழக்கினால் தொழிலாளியே அதை நம்பத் தொடங்கிவிடுகிறான். இதுவும் முதலாளித்துவத்தின் கைங்கரியம்தான். 31 ஆட்டம் முடிந்திருந்தது. குடல்வால் ஆபரேஷனுக்காக ஆஸ்பத்திரியில் கிடந்தார் ஹோகன். அங்கே கிடக்கும்போதே கணக்குத் தீர்த்துவிட்டார்கள்!

மறுபடி ஆஸ்திரியா: 1936 பெர்லின் ஒலிம்பிக்கில் வெள்ளிப் பதக்கம். மறுபடி இங்கிலாந்து: இரண்டாம் டிவிஷனில் கிடந்த ஆஸ்டன் வில்லாவை 1938-இல் முதலிடத்தில் நிறுத்தி மேலே ஏற்றினார்.

வெம்பிளியில் விழுந்த அடி

1953 நவம்பர் 25. லண்டன் வெம்பிளி மைதானம். லட்சம் பேர் கூட்டம். எதிரே மக்கள் குடியரசு ஹங்கேரி. அதற்குமுன் ஐரோப்பாக் கண்டத்துக் குழு எதுவும் இங்கிலாந்தை அதன் சொந்த மண்ணில் வென்றதில்லை. ஹங்கேரியின் தலைவர் புஷ்காஷ் கட்டைகுட்டையாக இருந்ததைப் பார்த்து இங்கிலீஷ் ஆட்டக்காரர்கள் சிரித்துக்கொண்டார்களாம். முதல் நிமிஷத்திலேயே ஹிதெக்குட்டி ஒரு கோல் போட்டார். முன்னால் நிற்கவேண்டிய இந்த ஹிதெக்குட்டி பின்னால் வந்து நின்று ஆடினார். அவரைத் தொடர்ந்து போனால் தடுப்பில் ஓட்டை. போகாவிட்டால் அவர் கையில் ஆட்டம். என்ன செய்வது என்று கடைசி வரை இங்கிலாந்துக்குப் புரியவில்லை. ஹிதெக்குட்டி மூன்று, புஷ்காஷ் இரண்டு, போசிக் ஒன்று. ஆறுக்கு மூன்று! 1954 மே மாதம் புடாபெஸ்டில் பதில் ஆட்டம். ஏழுக்கு ஒன்று!

ஹிதெக்குட்டி எந்தக் கிளப்? பாசிஸ்டுகள் மூடிய அதே எம்.டி.கே. 1950-இல் அதற்கு டெக்ஸ்டைல்ஸ், அதாவது பஞ்சாலைக் கிளப் என்று பெயர். 1953-இல் பெயர் செங்கொடி. குழுவைத் தயாரித்த குஸ்தாவ் ஷெபெஷ் செருப்புத் தைப்பவரின் மகன். பாரிஸில் ரெனால்ட் மோட்டார் ஆலையில் வேலை செய்து, தொழிற்சங்கம் கட்டியவர்.

ஆட்டம் முடிந்ததும் ஹங்கேரிச் சங்கத் தலைவர் பார்ச் சொன்னார்: எங்களுக்குத் தெரிந்த பந்தாட்டமெல்லாம் ஹோகன் கற்றுத்தந்தது என்று. ஹங்கேரியின் பந்தாட்டச் சரித்திரத்தில் அவர் பெயரைப் பொன்னெழுத்தில் பொறிக்கவேண்டும் என்றார் ஷெபெஷ். அந்த ஹோகன் எங்கே இருந்தார்? அதே மைதானத்தில், ஆஸ்டன் வில்லா கிளப்பின் இளம் பையன்களுடன் பார்வையாளர் இடத்தில். வயது 71. அவரைத் துரோகி என்றுகூடச் சிலர் ஏசினார்கள். கற்றுக்கொடுக்க வந்தவனை ஆஸ்பத்திரியில் வைத்துக் கணக்குத் தீர்த்தவர்கள் தேசபக்தர்கள். வேலை கொடுத்த இடத்தில் ஒழுங்காக வேலை செய்தவன் துரோகி!

இங்கே கனவான்கள் குறுக்கே பேசுவார்கள். அவரைக் காப்பாற்றியவன் ஒரு பிரபுதானே, கடைக்காரர்கள்தானே என்பார்கள். ஆமாம். நல்ல மனிதர்கள் எங்கும் இருப்பார்கள், நாம் மறுக்கவில்லை. ஆனால் ஒரு தொழிலாளியின் வாழ்வு ஒரு பிரபுவின் நல்ல மனத்தை நம்பித் தொங்கவேண்டுமா என்பதுதான் கேள்வி. 1956-க்குப் பின் புஷ்காஷே ஹங்கேரிக்குத் திரும்பாமல் ஸ்பெயினில் போய் ஆடினாரே என்பார்கள். ஆடினார். நடந்ததை மறைப்பது நம் வழக்கமல்ல. அதனால் வெம்பிளியில் விழுந்த ஆறு கோல் ஐந்தாகிவிடுமா? ஹோகன் கம்யூனிஸ்டா என்பார்கள். இல்லை. ஞாயிறு தவறாமல் தேவாலயம் போகிற பக்தர் அவர். திறமை, உழைப்பு, ஒழுக்கம், தெய்வபக்தி, மேனேஜர் உபதேசம் செய்கிற அத்தனை குணமும் அவரிடம் இருந்தன. கிடைத்தது மூன்று ஜோடிக் காலுறை. அதைத்தான் நாம் சொல்லவருகிறோம்.

கோடிக் கணக்கு எங்கிருந்து வந்தது?

அப்படியானால் இன்றைய ஆட்டக்காரனுக்குக் கோடி எப்படி வந்தது? எந்தச் சங்கத்தில் சந்தா கட்டினான் என்று கேட்டாரே மேனேஜர், பதிலைக் கேட்கட்டும்.

1907 டிசம்பரில் மான்செஸ்டரில் ஆட்டக்காரர்கள் ஒரு தொழிற்சங்கம் கண்டார்கள். முன்னின்றவர் பில்லி மெரடித். பன்னிரண்டு வயதில் நிலக்கரிச் சுரங்கத்தில் இறங்கியவர். 1909-இல் இந்தச் சங்கம் மற்றத் தொழிற்சங்கங்களின் சம்மேளனத்தோடு சேரப் போகிறது என்றதும் கனவான்களுக்கு வியர்த்தது. சங்கத்தை விட்டு விலகு, இல்லாவிட்டால் ஆடமுடியாது என்று உத்தரவு போட்டார்கள். பெரும்பாலோர் பணிந்தார்கள். அந்த ஆண்டு கோப்பையை வென்றிருந்த மான்செஸ்டர் யுனைடெட் குழு பணியவில்லை. கிளப் மைதானம் இல்லையா, வேறு மைதானத்தில் பயிற்சி. "விலக்கப்பட்டோர் கால்பந்துக் குழு" என்று பலகை எழுதி வைத்துக்கொண்டு படம் எடுத்துக்கொண்டார்கள். பருவம் தொடங்க இருந்த கடைசி நேரத்தில் கனவான்கள் இறங்கி வந்தார்கள். சங்கத்தில் இருக்கும் உரிமை நிலைத்தது. சம்மேளனத்தோடு சேருவதை மட்டும் விட்டுக்கொடுத்தார்கள். அதற்கு ஐம்பது வருஷம் விலை கொடுத்தார்கள். கூலி உச்சவரம்பு அப்படியே நின்றது.

1961 ஜனவரியில் ஆட்டக்காரர்கள் வேலைநிறுத்தத்துக்குத் தயாராகி நின்றார்கள். ஊருக்கு ஊர் கூட்டம் போட்டு ஓட்டெடுத்தார்கள். தலைமை தாங்கியவர் புல்ஹாம் ஆட்டக்காரர் ஜிம்மி ஹில். அப்போது உச்சவரம்பு வாரம் 20 பவுன். வேலைநிறுத்தத் தேதி நெருங்கியதும் 60 ஆண்டு நின்ற வரம்பு இடிந்து விழுந்தது. பண்ணையாள் ஏற்பாட்டை ஜார்ஜ் ஈஸ்ட்ஹாம் கோர்ட்டுக்கு இழுத்தார். செலவுக்குச் சங்கம் நின்றது. 1963-இல் அதுவும் செல்லாது என்று தீர்ப்பாயிற்று.

உச்சவரம்பு போன அதே 1961-இல் இங்கிலாந்தில் முதன்முதலாக ஒரு ஆட்டக்காரர் வாரம் 100 பவுன் கூலி வாங்கினார். ஜானி ஹேன்ஸ் என்று பெயர். கொடுத்த கிளப் புல்ஹாம். ஹோகனை ஆஸ்பத்திரிக் கட்டிலில் வைத்துக் கணக்குத் தீர்த்த அதே புல்ஹாம். அதற்கு முன்னாலும் ஹேன்ஸ் அதே கிளப்பில், அதே திறமையோடு, 20 பவுனுக்குத்தான் ஆடிக்கொண்டிருந்தார்.

ஹோகன் 1974 ஜனவரியில் பர்ன்லியில் காலமானார், வயது 91. ஜெர்மன் கால்பந்தாட்டச் சங்கத்தின் காரியதரிசி அவர் மகனுக்குக் கடிதம் எழுதி, ஜெர்மனியில் நவீனப் பந்தாட்டத்துக்கு அடித்தளம் இட்டவர் உங்கள் தந்தை என்று நன்றி சொன்னார். இங்கிலாந்துத் தேசியக் குழு 2001-இல் ஒரு ஸ்வீடன்காரரையும், 2008-இல் ஒரு இத்தாலிக்காரரையும், 2025-இல் ஒரு ஜெர்மானியரையும் சம்பளத்துக்கு அமர்த்திப் பாடம் கேட்டது.